இடப்பக்கம் கேட்காத ஹெட்போன்

விஞ்ஞான வாத்தியாரைப் பிரசாந்தி ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஆனால் அவர் தொண்டையைச் செருமுவது, "விளங்குதோ பிள்ளையள்" என்று கேட்பது, இடையில் தண்ணீர் குடிப்பது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கூட்டுறவுச் சங்கக்கடையில் நாள் முழுக்க நின்று அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு எப்பன் நேரம் இருப்போம் என்று நினைக்கிற நேரத்தில்தான் அவருடைய சூம் வகுப்பு தொடங்கும். மகள் ஜெயனி போனை மேசையில் சாய்த்து வைத்து, சத்தத்தை ஏலுமானவரை கூட்டிவிட்டு, அதற்கு முகத்தைக் கொடுத்துக் குனிந்திருப்பாள். நீர்வேலியில் அவர்களுடைய வீட்டுக்குப் பின்வளவோடு வாழைத்தோட்டம். அங்கே நின்று தண்ணீர் கட்டுகிற ஆளே இந்நேரம் அமிலத்தையும் காரத்தையும் படித்து முடித்திருப்பார்.

"குறைச்சு வை பிள்ளை."

"குறைச்சா கேக்காதம்மா."

இந்த இரண்டு வசனமும் வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் நடந்தன. அதற்குள் பிரசாந்தியின் கணவன் ஜெயசுதன் வேலை முடிந்து வருவான். அவன் மேசன். கொங்கிறீற் குழைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் பகல் முழுக்க நின்றுவிட்டு வருகிறவனுக்குச் செய்தி கேட்க வேண்டும். அவன் ரிவியைக் கூட்ட, மகள் போனுக்கு இன்னும் கிட்டப் போவாள். இரண்டுக்கும் நடுவில் குசினிக்குள் நிற்கிற பிரசாந்திக்குத் தலை வெடிக்கும்.

சத்தம் ஒரு கரைச்சல் என்றால் மற்றக் கரைச்சல் ஜெயனியின் பராக்கு. குசினியிலிருந்து நாலு தரம் கூப்பிட்டால் ஒரு தரம் "என்னம்மா" என்பாள். காலையில் அலாரம் அடித்து ஓயும், அவள் அசையமாட்டாள். பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டத்துக்குப் போனபோது வகுப்பு ரீச்சரும் அதையே சொன்னா. "பிள்ளை கெட்டிக்காரி. ஆனா கவனம் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டா வேறை எங்கையோ பாக்கிறா." ரீச்சர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னா. பிரசாந்தி வெட்கத்தோடு கேட்டுக்கொண்டு வந்து, அன்று பின்னேரம் மகளைப் பிடித்து ஏசிக் கிழித்தாள். ஜெயனி பேசாமல் நின்றதும் பிரசாந்திக்குத் திமிராகத்தான் பட்டது.

பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை கிட்ட வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னம் ஜெயனிக்குப் பதினாறாவது பிறந்தநாளும் வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவள் ஒன்றும் வேண்டாம் என்றாள். பிரசாந்தி தானே முடிவெடுத்தாள். ஒரு ஹெட்போன். வாத்தியாரும் மகளும் இனித் தங்களுக்குள் கதைக்கட்டும். அது மகளுக்கு வாங்குகிற பரிசா, தனக்கு வாங்குகிற நிம்மதியா என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால் பிரசாந்தி உடனே மறுமொழி சொல்லியிருக்கமாட்டாள்.

"வயர் வச்சதை வேண்டிப்போடாதை," என்று சங்கக்கடையில் கூட வேலை செய்கிற நாகேஸ்வரி அக்கா சொன்னா. "என்ரை பெடியன் மாதத்துக்கு ஒண்டு அறுத்தவன்."

வயர் இல்லாதது என்று சொல்வது லேசு. யாழ்ப்பாண ரவுணில் போன் கடைகள் உள்ள வீதியில் ஏறி இறங்கத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று பிரசாந்திக்கு விளங்கியது. முதல் கடையில் நின்ற பெடியன், "பேஸ் கூடினதோ, நோய்ஸ் கான்சலோ, எது அன்ரி?" என்று கேட்டான். அடுத்த கடையில் பெரிய கொம்பனியின் பேர் போட்ட பெட்டி ஒன்றை அரை விலை என்று நீட்டினார்கள். பேரின் நடுவில் ஒரு எழுத்துக் குறைந்திருந்தது. அவள் அதைக் காட்ட, "அது எக்ஸ்போர்ட் சாமான்" என்றார்கள். இன்னொரு கடையில் காதுக்குள் வைக்கிற, புளியங்கொட்டை அளவான இரண்டைக் காட்டினார்கள். தலையில் குத்துகிற கிளிப்பையே கிழமைக்கு ஒன்று துலைக்கிற பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாக் கடையிலும் முதற்கேள்வி ஒன்றுதான். எவ்வளவுக்குள் பார்க்கிறியள். அதைச் சொன்னதும் பெடியன்களின் முகத்தில் இருந்த மரியாதை பாதியாகும்.

கடைசியாக அவள் ஏறியது சுப்யான் என்பவருடைய கடை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க ஏலாத ஒடுக்கமான கடை. சுப்யானுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு போனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, எனக்கு உந்த இங்கிலீசு ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றாள் பிரசாந்தி, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி. "பிள்ளை படிக்கேக்கை போடுறதுக்கு. காது நோகக்கூடாது. துலையக்கூடாது. கெதியாப் பழுதாகக்கூடாது. ஐயாயிரத்துக்கு மேலை போகவும் கூடாது."

"தங்கச்சி, நீங்கள் சொல்லுறது ஐம்பதாயிரத்துச் சாமான்," என்றார் சுப்யான். ஆனால் எழும்பிப் போய் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். தலைக்கு மேலால் வளைந்து இரண்டு காதையும் மூடுகிற, மெத்தை வைத்த ஹெட்போன். போன் சார்ச்சராலேயே சார்ச் பண்ணலாம். ஆறு மாத வறன்ரி. "உதிலை பாட்டுக் கேட்டு ஆடேலாது. வாத்தியார் கதைக்கிறது வடிவாக் கேக்கும்."

அந்தச் சொல்லுக்காகவே அவள் வாங்கினாள். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் சாமானைத்தான் புகழ்ந்தார்கள்.

பிறந்தநாள் காலையில் பெட்டியைத் திறந்த ஜெயனியின் முகத்தைப் பார்த்தபோது அலைந்த அலைச்சல் எல்லாம் போய்விட்டது போல இருந்தது. ஜெயசுதன்கூட, "நல்ல வடிவாத்தான் கிடக்கு" என்றுவிட்டு வேலைக்குப் போனான். பின்னேரம் வகுப்பு. வீட்டுக்குள் வாத்தியார் இல்லை. பிரசாந்தி தேத்தண்ணியோடு கதிரையில் சாய்ந்தாள். பாதிதான் குடித்திருப்பாள்.

"அம்மா, இதின்ரை இடப்பக்கம் வேலை செய்யுதில்லை."

பிரசாந்திக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சங்கக்கடையில் மேசைக்கு இந்தப்பக்கம் நின்று, சாமான் பிழை என்று வருகிற ஆட்களிடம் பேச்சு வாங்கி வாங்கிப் பழகியவள். இப்போது தானே அந்தப்பக்கம் போய் நிற்கவேண்டி வந்துவிட்டது. சனிக்கிழமை பஸ் ஏறி ரவுணுக்குப் போனாள். கடை நிறையச் சனம். சுப்யான் அவள் சொன்னதை அரைகுறையாகக் கேட்டார். நாலு பேர் பார்க்கச் சண்டை வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். பழையதை வாங்கி வைத்துவிட்டு, அதே மாதிரிப் புதிது ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு லேசாக முடிந்ததே என்று பிரசாந்தி பெருமையோடு வீடு வந்தாள்.

அவள் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஜெயனி அதைப் போட்டுப் பார்த்தாள். போட்டவளின் முகம் ஒருமாதிரிப் போனது. கழற்றினாள். திருப்பி மாட்டினாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை."

"வேலை செய்யுதோ?"

"ஓம்," என்றாள் ஜெயனி. கொஞ்ச நேரம் கழித்து, "வலப்பக்கம் செய்யுது," என்றாள்.

பிரசாந்தியின் கை முழுக்க மீன் செதில். இல்லாவிட்டால் அந்த நேரமே அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்திருப்பாள். பார்க்கவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினாள். நாடு முழுக்கக் கள்ளர், ஏழை எளியதுகள் வாங்கிற சாமானிலைதான் உங்கடை கைவரிசை என்று ரவுணில் இருக்கிற கடைக்காரனை நீர்வேலியில் நின்று ஏசினாள். "கொண்டுபோய் அவன்ரை முகத்திலை எறி," என்று ஜெயசுதனும் எடுத்துக்கொடுத்தான். "நான் அண்டைக்கே சொன்னனான், மலிவிலை வேண்டாதை எண்டு." அவன் அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சல்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட கையோடு ஜெயனியையும் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக ஜெயனி தாய்க்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். கடையில் வேறு ஆட்கள் இல்லை.

சுப்யான் இந்தமுறை அவசரப்படவில்லை. ஹெட்போனைத் தன் போனோடு பொருத்தி, காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டு பக்கமும் கேக்குது தங்கச்சி."

"நானா, என்னை விசரி எண்டு நினைக்காதேங்கோ. நானும் சாமான் விக்கிறவள்தான். வண்டு விழுந்த பருப்பைக் காட்டினா நாங்களும் உப்பிடித்தான், நல்ல பருப்பெல்லோ எண்டு நிண்டபடி சொல்லுறது."

"நீங்களே கேட்டுப் பாருங்கோவன்."

"எனக்கென்னத்துக்கு? பாவிக்கிறது பிள்ளை."

பிரசாந்தி அதை அவர் கையிலிருந்து பறித்து மகளின் தலையில் மாட்டினாள். மாட்டிய வேகத்தில் ஜெயனியின் பின்னல் சிக்குப்பட்டது.

"மாறிப் போட்டிட்டியள்," என்றார் சுப்யான். "இடத்தாலை வாறது வலத்திலை கிடக்கு."

"அது எப்பிடிக் கிடந்தா என்ன. பிள்ளை, சொல்லு அவருக்கு. எந்தப் பக்கம் கேக்கேல்லை?"

"இடப்பக்கம்," என்றாள் ஜெயனி.

சுப்யான் கையை நீட்டி, ஹெட்போனை மெதுவாகக் கழற்றி, சரியான பக்கமாக மாற்றி வைத்தார். "இப்ப மகள்?"

"இடப்பக்கம்தான்."

பிரசாந்திக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. அல்லது விளங்கியதை மனம் வாங்கவில்லை. மகளின் தலையிலிருந்து எடுத்துத் தன் காதில் வைத்தாள். யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். வலக்காதிலும் பாடினாள். இடக்காதிலும் பாடினாள். இரண்டிலும் ஒரே அளவு தெளிவு.

அவள் ஹெட்போனை மேசையில் வைத்தாள். ஜெயனி வாசலுக்கு முகத்தைத் திருப்பி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரசாந்தி பின்னால் போய், மகளின் வலக்காதை உள்ளங்கையால் அமத்திப் பொத்தினாள். இடக்காதுக்குக் கிட்டக் குனிந்து, "பிள்ளை," என்றாள். ஜெயனி வீதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஜெயனி." ஒரு பஸ் போனது. பிள்ளையின் கண் அந்தப் பஸ்ஸோடு போனது. "என்ரை குஞ்செல்லே, கேக்குதோ?"

"என்னம்மா செய்யிறியள், ஆக்கள் பாக்கினம்," என்று ஜெயனி தாயின் கையை விலக்கினாள்.

சுப்யான் உள்ளே போய் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிரசாந்தி குடிக்கவில்லை. என்ன சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கினாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை.

பருத்தித்துறை பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. நல்லூர் தாண்டியதும் பிரசாந்தி கேட்டாள், "உனக்கு எப்ப தொடக்கம் உப்பிடி?"

"தெரியாது."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

ஜெயனி உண்மையாகவே யோசித்தாள். "எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். ஒரு கைதானே வடிவா எழுதும். அது மாதிரி ஒரு காதுதான் வடிவாக் கேக்குமாக்கும் எண்டு."

பிரசாந்தி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூப்பிட்ட நாலில் மூன்று ஏன் போய்ச் சேரவில்லை, அலாரம் அடிக்க அடிக்க இவள் நல்ல காதைத் தலையணையில் அமத்திக்கொண்டு கிடந்தது, போனுக்குள் முகத்தைப் புதைத்தது, ரீச்சர் கூப்பிட வேறு எங்கோ பார்த்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அன்று பிடித்துக் கிழித்ததும் வந்தது. பேசாமல் நின்றாளே, அது திமிரல்ல. என்ன குற்றம் என்று அவளுக்கே தெரியாத ஒன்றுக்குத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ரவுண் ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்கு இலக்கத் துண்டு எடுத்து, வாங்குப் பலகையில் குந்தி, பேர் கூப்பிடும்வரை காத்து, இன்னொரு நாளைக்கு வரச்சொல்லி, திருப்பிக் காத்து, கடைசியில் ஒரு சின்ன அறைக்குள் ஜெயனியை இருத்தினார்கள். அங்கேயும் ஒரு ஹெட்போன். சத்தம் கேட்கும்போது ஒரு பொத்தானை அமத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்ற பிரசாந்தி மகளின் விரலையே பார்த்தாள். முதலில் விரல் அடிக்கடி அசைந்தது. பிறகு மற்றக் காதுக்கு மாற்றினார்கள். விரல் சும்மா கிடந்தது. அமத்து பிள்ளை, அமத்து என்று பிரசாந்தி உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் அசையவில்லை.

பெண் டொக்டர் பொறுமையாகத்தான் கதைத்தா. இடக்காதின் நரம்பு வேலை செய்யவில்லை. கனகாலம் ஆகியிருக்கும். வலக்காது முழுக்க நல்லம். "சின்னனிலை கூகைக்கட்டு வந்ததோ?"

மூன்றாம் வகுப்பில் வந்தது. கன்னம் இரண்டும் வீங்கி, ஒரு கிழமை கஞ்சி குடித்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் காட்டி மருந்தும் எடுத்தார்கள். மாறிவிட்டது. மாறிவிட்டதென்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அப்ப அதாலைதானோ டொக்டர்?"

"அதாலையும் இருக்கலாம். பிறக்கேக்கையே இருந்ததாகவும் இருக்கலாம். இப்ப சொல்லேலாது."

"நாங்கள் அப்ப கண்டுபிடிச்சிருந்தா?"

"கண்டுபிடிச்சிருந்தாலும் திருப்பிக் கொண்டுவந்திருக்க ஏலாது அம்மா. வகுப்பிலை இடக்கரையிலை, முன்னுக்கு இருத்தச் சொல்லுங்கோ. அப்பதான் நல்ல காது ரீச்சர் பக்கம் இருக்கும். போனிலை சத்தத்தைக் கூட்ட விடாதேங்கோ. அந்த ஒரு காதைத்தான் காப்பாத்தோணும்."

அவ்வளவுதான். மருந்து இல்லை, சத்திரசிகிச்சை இல்லை. கோபிக்கவும் ஆள் இல்லை. அதுதான் பிரசாந்தியால் தாங்க ஏலாமல் இருந்தது. இவ்வளவு நாளும் அவளுடைய எரிச்சலுக்குப் போய் நிற்க ஒரு இடம் இருந்தது. வாத்தியாரின் குரல், போன், பிள்ளையின் பராக்கு, கடைக்காரன். இப்போது ஒன்றுமில்லை. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. அது சங்கக்கடையில் சீனி கேட்டு வந்தவர்கள் மேல் பாய்ந்தது. வெள்ளைப்பூடு போட்டு எண்ணெய் காய்ச்சி விடச் சொன்ன அயல்வீட்டு மனுசி மேல் பாய்ந்தது. ஜெயசுதன் மேலும் பாய்ந்தது. அவன் மகளோடு கதைக்க வேண்டுமென்றால் எழும்பி, சுற்றி வந்து, வலப்பக்கம் குந்தி, வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கியிருந்தான். "அப்பா, எனக்குத் தமிழ் விளங்கும்," என்று ஜெயனி அவனுக்குச் சொல்லிவிட்டாள்.

ஹெட்போன் சுப்யானின் கடை மேசையிலேயே கிடந்தது. அதை எடுக்கவும், பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கவும் பிரசாந்தி போனாள். கேட்பது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் அந்தப் பேச்சை நீட்டவிடவில்லை.

"உங்கடை கடையிலை ஆக்கள் வந்து கத்துறேல்லையோ? பிள்ளைக்கு என்னவாம்?"

சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். வேண்டுமென்றால் காசைத் திருப்பித் தருகிறேன் என்றார். இரண்டு பக்கம் உள்ள சாமான் ஒரு காதுக்கு எதற்கு என்று அவளும் நினைத்துத்தான் போனாள். கையில் எடுத்த பிறகு திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அப்படியே கொண்டுவந்தாள்.

அதற்கு ஒரு வழியை ஜெயனியே தேடிப் பிடித்தாள். போனுக்குள் எங்கோ ஆழத்தில், இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து விடுகிற ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அமத்திவிட்டு ஒரு பாட்டைப் போட்டவள், "ஆ, வயலின் வந்திட்டுது," என்றாள். போனில் நேரே கேட்டபோது இருந்த வயலின் ஹெட்போனில் காணாமல் போயிருந்ததாம். அது இடப்பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். பிரசாந்தி குசினிக்குள் போய் ஏற்கனவே கழுவிய கோப்பையைத் திருப்பிக் கழுவினாள்.

பள்ளிக்கூடத்தில் இடம் மாற்றுவது அவ்வளவு லேசாக நடக்கவில்லை. "எல்லாத் தாய்மாரும் முன்வாங்குதான் கேக்கினம்," என்றா வகுப்பு ரீச்சர். பிரசாந்தி ஆஸ்பத்திரி தந்த துண்டுக் கடிதத்தை நீட்டினாள். ரீச்சர் அதை இரண்டு தரம் வாசித்தா. அடுத்த நாளே ஜெயனியை இடக்கரை முன்வாங்குக்கு மாற்றினா. மாற்றும்போது ஏன் மாற்றுகிறேன் என்று வகுப்பு முழுவதற்கும் விளக்கமும் சொன்னா.

அன்று வீட்டுக்கு வந்த ஜெயனி சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். "ஏனம்மா போய்ச் சொன்னனீங்கள்? எல்லாரும் வந்து வந்து என்ரை காதைப் பாக்கினம். அது வெளியிலை தெரியிற சாமானோ?"

"சொல்லாமல் என்னெண்டு மாத்துறது?"

"என்னட்டைக் கேட்டிட்டுச் சொல்லியிருக்கலாமே."

நல்லது செய்யப் போன இடத்திலும் பிழையாகிவிட்டது. இரண்டு நாள் ஜெயனி அவளோடு கதைக்கவில்லை. கதைக்காத பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல், சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, ஜெயனியின் சிநேகிதிகள் தர்சிகாவும் இன்னொருத்தியும் பழைய வினாத்தாள்களோடு படிக்க வந்தார்கள். முன்னறையில் இருந்தார்கள். படிக்கிற சத்தத்தைவிடச் சிரிக்கிற சத்தம்தான் கூடக் கேட்டது. பிரசாந்தி பிஸ்கட் தட்டோடு வாசலுக்கு வந்தபோது, தர்சிகா ஜெயனியின் இடக்காதுக்குள் குனிந்து ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். ஜெயனி நீதவான் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"எல்லாத்தையும் கொட்டு," என்றாள் ஜெயனி. "அந்தக் காதிலை சொன்ன இரகசியம் என்னட்டையே வராது. பிறகு மற்ற ஆக்களுக்கு எங்கை போறது?"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரசாந்திக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் ஒரு அடி போடவேண்டும் போலவும் இருந்தது, அப்படியே கட்டிப் பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, "படிக்க வந்தனீங்களோ, பல்லைக் காட்ட வந்தனீங்களோ?" என்று ஏசிவிட்டுக் குசினிக்குத் திரும்பினாள்.